அரையடி காட்டாத வரைபடம்

தாமிரபரணிக் கரையை அளக்க வரும் புவியியல், சிவில் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



பிசானம் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் உங்கள் தலைகள் தெரியத் தொடங்கும். தோளில் முக்காலி, கையில் ஜி.பி.எஸ்., கைப்பேசியில் செயற்கைக்கோள் படம். கோயில், கல்மண்டபம், படித்துறை, அணைக்கட்டு, குளம், வாழைத்தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போவீர்கள். இந்த வெயிலில் நடக்க ஆள் வருகிறார்களே என்று மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் முடித்துக் கொடுக்கும் படங்களில் சிலவற்றைப் பார்த்தபோது ஒரு மனத்தாங்கல். ஊர்ப்பெயர் இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, வடக்கு காட்டும் அம்புக்குறி ஜோராக இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் இல்லை.

பாசனக் கால்களுக்கு லெவல் எடுத்தே காலம் கழித்தவன் நான். எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றி உயரத்துக்கே வந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருக்கும்வரை இந்த ஆற்றை வரைவது சுலபம். அகத்தியமலை 1,868 மீட்டர். அந்தச் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுகூடி, காரையாறும் சேர்வலாறுமாக இறங்கி, பாபநாசத்தில் தரையைத் தொடுவதற்குள் சம உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எது சரிவு, எது பள்ளம், அருவி எங்கே என்று டோபோ ஷீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அணை கட்ட இடம் தேடுபவனுக்கும் யானைத் தடம் தேடுபவனுக்கும் அது போதும். அங்கே உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது புலிகள் காப்பகம், முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

கீழே இறங்கினால் கதை வேறு. திருநெல்வேலியில் ஆற்றங்கரை கடல்மட்டத்துக்கு மேலே நாற்பது மீட்டர் சொச்சம். அங்கிருந்து புன்னைக்காயலில் கடலைச் சேர ஆறு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூட இல்லை. 1:50,000 அளவிலான டோபோ ஷீட்டில் சம உயரக் கோடு பெரும்பாலும் இருபது மீட்டருக்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது மீட்டர்க் கோடு ஒன்று, இருபது மீட்டர்க் கோடு ஒன்று. மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, இரு கரையிலும் வரிசையாகக் குளங்கள், அவற்றின் கீழே ஆயிரக்கணக்கான ஏக்கர் நஞ்சை, ஏரல், ஆத்தூர், முக்காணி எல்லாம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் கீழேயுமாகச் சப்பையாகக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு 78 பாகைத் தீர்க்கரேகை ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஏரலுக்கு முன்னால் ஓடுகிறது. ஆகவே ஸ்ரீவைகுண்டம் 58 எச் தாளில், ஏரல் 58 எல் தாளில். ஒரே காலில் ஓடும் தண்ணீரைப் பார்க்க இரண்டு தாள்களை ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டினாலும் உயரம் தெரியாது.

சரி, வருவாய்த் துறையின் புலப்படத்தைப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சர்வே எண் ஒன்றுக்கு ஒரு தாள். மூலைக்கு மூலை குறுக்குக் கோடு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்து அளவு, பக்கத்துப் புலங்களின் எண்கள். சங்கிலி பிடித்து அளந்த காலத்துக் கைத்திறன் அதில் தெரியும். இன்றைக்கும் வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தாள்தான் பேசும். கிராம வரைபடத்தில் கால், ஓடை, குளம் எல்லாமே புறம்போக்கு எண்களோடு இருக்கும். நீளம் உண்டு, அகலம் உண்டு, பரப்பு சென்ட் சுத்தமாக உண்டு. மட்டம் கிடையாது. வரி போடுவதற்காக எழுந்த படம் அது. வரிக்கு நிலத்தின் உயரம் தேவைப்படவில்லை.

ஆக, ஒரு படத்தில் உயரம் உண்டு, வயல் இல்லை. இன்னொன்றில் வயல் உண்டு, உயரம் இல்லை. மூன்றாவதாக, நீர்வளத் துறையிடம் ஒவ்வொரு குளத்துக்கும் டேங்க் மெமாயர் என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் கரை மட்டம், கலிங்கு மட்டம், மடை மட்டம் எல்லாம் இருக்கும். ஆனால் அது குளத்துக்கு மட்டும். குளத்துக்குக் கீழே இருக்கும் வயலின் மட்டம் அங்கேயும் இல்லை. மூன்று துறைகள், மூன்று அலமாரிகள். இவை மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, விட்டுப்போன மட்டங்களை எடுத்து நிரப்புவதற்கு எந்தத் துறைக்கும் உத்தரவு இல்லை. உங்களுக்கும் இல்லைதான். ஆனால் உங்களை யாரும் தடுக்கப்போவதில்லையே.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய் நில்லுங்கள். கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட மடைகள் இருக்கும். ஒன்று மேட்டுமடை, மற்றொன்று பள்ளமடை. மேட்டுமடையின் அடிமட்டம் உயரத்தில் இருக்கும், பள்ளமடையின் அடிமட்டம் தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் இரண்டடி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் மேட்டுமடை மட்டத்துக்கு இறங்கிய நாளில் அதன் கீழுள்ள வயலுக்குப் பாசனம் நின்றுவிடும். கண்ணுக்கு முன்னால் குளத்தில் தண்ணீர் கிடக்கும், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் பயிர் காயும். பள்ளமடைக்காரர் இன்னும் ஒரு மாதம் பாய்ச்சுவார். இந்த ஊரில் தண்ணீருக்காக நடக்கும் சச்சரவில் பாதி இந்த இரண்டடிக்குள் இருக்கிறது. உங்கள் படத்தில் அந்தக் குளம் ஒரு நீலத் திட்டு.

மடையில் மட்டம் எடுப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. மடைக்கல்லின் தலையில் ஸ்டாஃபை, அதாவது அளவுகோலை, வைத்தால் ஓர் எண் வரும்; அது வசதியான எண், வேட்டி நனையாது. நமக்கு வேண்டியது தண்ணீர் நுழையும் துவாரத்தின் அடிக்கல். அங்கே சகதி ஏறியிருக்கும். சகதியின் மேல் ஸ்டாஃபை வைத்துவிட்டு எழுதிக்கொண்டு போனால், கட்டியவன் வைத்த மட்டத்தை விட்டுவிட்டுப் போன வருஷத்து வண்டலின் மட்டத்தை எழுதியிருப்பீர்கள். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். கல்லில் பட்டால் ‘ணங்’ என்று கைக்குத் தெரியும். அந்த இடத்தை வழித்துவிட்டு ஸ்டாஃபை நேராக நிறுத்துங்கள். சகதிக்கு மேலே ஓர் அளவு, கல்லில் ஓர் அளவு, இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், குளம் தூர்ந்த கணக்கு. தூர்வாரியதாகச் சொல்லிப் பில் போடுபவர்களுக்கு இந்த எண் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

செயற்கைக்கோள் படத்திலேயே உயரம் வருகிறதே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பிரபலமானது எஸ்.ஆர்.டி.எம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரால் எடுத்தது. முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் ஒரு கட்டம். அதாவது ஏறத்தாழ 22 சென்ட் நிலத்துக்கு ஒரே எண். அந்த 22 சென்ட்டில் ஒரு வரப்பு, ஒரு ஓடைக்கால், ஒரு களத்துமேடு இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி ஓர் எண்ணைத் தரும். வாழைத்தோப்பாக இருந்தால் தரைக்குப் பதிலாக இலையின் உயரம் கணக்கில் ஏறிவிடும். பனங்காடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிழை பல மீட்டர் வரை போகும். மலைக்கு அது பொருட்டில்லை. மேட்டுமடைக்கும் பள்ளமடைக்கும் இரண்டடி வித்தியாசம் தேடுகிற இடத்தில் அந்தத் தரவை வைத்துக் கோடு போட்டால், குளத்துத் தண்ணீர் கரையேறி மேட்டுக்கு ஓடுவதாகப் படம் வரும். அப்படி ஒரு படத்தைப் பார்த்துமிருக்கிறேன். ஆய்வேட்டில் சேர்த்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார்கள்.

ட்ரோனில் லைடார் வைத்துப் பறக்கவிட வசதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். லேசர் கற்றை இலைகளின் சந்துக்குள் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். வெறும் கேமரா ட்ரோன் என்றால், பயிர் இல்லாத காலத்தில் மட்டும் பறக்கவிடுங்கள். எதுவானாலும், கால்நடையாகப் போய் லெவல் எடுத்த புள்ளிகளோடு சரிபார்க்காமல் எந்த எண்ணையும் படத்தில் ஏற்றாதீர்கள்.

ஜி.பி.எஸ். பற்றி ஒரு எச்சரிக்கை. இது தெரியாமல் பலர் திகைத்துப்போவார்கள். அளவைக்கான ஜி.பி.எஸ். கருவி முதலில் தருவது கடல்மட்டத்திலிருந்து உயரம் அன்று. பூமியைக் கணித வடிவமாகப் பாவித்து, அந்த வடிவத்திலிருந்து உயரம். உலகத்திலேயே இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் தென்னிந்தியாவும் இலங்கையைச் சுற்றிய கடலும் உண்டு. புன்னைக்காயல் கடற்கரையில் அலையில் கால் நனைய நின்றுகொண்டு கருவியைப் பார்த்தால், நீங்கள் கடலுக்குத் தொண்ணூறு மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். கருவி பழுதில்லை. திருத்த எண்ணைச் சேர்க்க வேண்டும். அந்தத் திருத்தமும் அரையடித் துல்லியத்துக்கு எல்லா இடத்திலும் போதாது. ஆகவே இந்திய நில அளவைத் துறையின் பெஞ்ச் மார்க் கல் எதிலாவது தொடங்கி, மூடிய சுற்றாக லெவல் ஓட்டி, தொடங்கிய கல்லுக்கே திரும்பி வாருங்கள். பிழை எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். அந்தக் கற்களின் உயரங்கள் 1909-இல் நிலைநிறுத்திய கடல்மட்டக் கணக்கிலிருந்து வந்தவை. நாட்டைச் சுற்றி ஒன்பது துறைமுகங்களில் வருஷக்கணக்காக ஓதம் அளந்து எடுத்த மட்டம் அது. நாகப்பட்டினமும் சென்னையும் அந்த ஒன்பதில் உண்டு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை வைத்துத் தொடங்கிய ஒரு குழுவையும் நான் பார்த்திருக்கிறேன். பலகையை எந்த உயரத்தில் நட்டார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

இதெல்லாம் பாசனத்துக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். குளங்கள் உடைந்தன. ஏரல் துண்டிக்கப்பட்டது. ஆறு மட்டும் பெருகியிருந்தால் கரையோர ஊர்களோடு போயிருக்கும். குளம் உடைந்த தண்ணீர் அடுத்த குளத்தை உடைத்து, ஆற்றுக்குச் சம்பந்தமில்லாத திசைகளில் எல்லாம் பாய்ந்தது. எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று சொல்லக்கூடிய ஒரு படம் அன்றைக்கு யாரிடமாவது இருந்திருந்தால், இரவோடு இரவாக எந்த ஊரை முதலில் எழுப்ப வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். வரைபடம் மழையை நிறுத்தாது என்பார்கள். சரிதான். ஆளை மேட்டுக்கு அனுப்ப, மேடு எது என்று தெரிய வேண்டாமா?

அந்த வெள்ளம் நின்ற உயரம் பல வீட்டுச் சுவர்களில் பழுப்புக் கோடாகப் படிந்திருந்தது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளையடித்துப் பாதி போய்விட்டது. மீதி இருப்பவற்றைத் தேடிப் பிடியுங்கள். மாட்டுத் தொழுவத்துச் சுவரில், ரேஷன் கடையின் பின்பக்கம், பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் இன்னும் இருக்கலாம். கோடு போன வீட்டில் பாட்டிமாரைக் கேட்டால், “இந்தா, இந்த ஜன்னல் கம்பி வரைக்கும்ல நின்னுச்சு” என்று கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை காட்டும் இடத்தில் ஸ்டாஃப் வையுங்கள். ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம். ஒரு தெருவில் ஐந்து வீட்டில் ஒரே மட்டம் வந்தால் அது சாட்சி.

அடையாளச் சின்னங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் மதிலைப் படகின் முகப்புப் போலக் கட்டி, தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும்படி செய்திருக்கிறார்கள். ஆறு ஏறுகிறது என்று தெரிந்தால் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். உங்கள் பட்டியலில் இது ‘கோயில், எண் இத்தனை’. நான் வரைந்தால், ஆற்றுப்படுகையின் மட்டம், கோயில் தரையின் மட்டம், மண்டபக் கூரையின் மட்டம், மேலக்கோயில் வாசற்படியின் மட்டம் நான்கையும் எழுதுவேன். செய்தித்தாளில் ‘கோயிலை மூழ்கடித்து வெள்ளம்’ என்று வருவது எத்தனை அடி வெள்ளம் என்று அப்புறம் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது. 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தின் தூண்களுக்கும் இதே கதைதான்.

கோபுரங்களை நில அளவைக்காரர்கள் வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன், காவிரிப் படுகைக்கு வந்தபோது தென்னையும் சமதரையும் பார்வையை மறைத்தன. ஏறி நிற்க ஒரு குன்று இல்லை. கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரியகோயிலில் ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் முடங்கி, ஆறு வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். உங்கள் கருவி கைக்குள் அடங்குவது. அதனால்தானோ என்னவோ, கவனமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆதிச்சநல்லூருக்கு எல்லாரும் போவீர்கள். 114 ஏக்கர் பரம்பு. அலெக்சாண்டர் ரீ 1899-இல் தொடங்கித் தோண்டிய இடம். முதுமக்கள் தாழிகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஆற்றங்கரைச் சேற்று வயலில் தொடங்கிப் பரம்பின் உச்சிவரை ஒரு குறுக்குவெட்டு எடுங்கள். பயிர் ஏறாத, வெள்ளம் ஏறாத கல்மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கி, பள்ளத்தை உழவுக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு அந்த ஒரே கோட்டில் தெரியும். அதேபோல் கொற்கை. சங்க காலத்துத் துறைமுகம் இன்றைக்குக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே பழையகாயல். மார்க்கோ போலோ சொல்லும் காயல் அதுதான் என்று கால்டுவெல் அடையாளம் கண்டார். அதுவும் இப்போது கடலை விட்டு விலகி நிற்கிறது. இன்றைய முகத்துவாரம் புன்னைக்காயல். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கரை தள்ளித் தள்ளிப் போன தடம் இந்த மூன்று ஊர்களும். மூன்றையும் சேர்த்து ஒரு நெட்டுவெட்டு எடுத்தீர்கள் என்றால், உப்பளம் எங்கே முடிகிறது, நெல் எங்கே தொடங்குகிறது என்பது எவ்வளவு நூலிழை வித்தியாசத்தில் நிற்கிறது என்று புரியும்.

இனி கால்கள். எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழையவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில், 1870-களில் முடிந்தது. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. மேப்பில் இவை மெல்லிய நீலக் கோடுகளாகத்தான் வரும். கோட்டை வரைவது பெரிய வேலையில்லை. தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து, ஒவ்வொரு மடைக்கும் அடிமட்டம், கண் அகலம், ஷட்டர் இருக்கிறதா இல்லையா, கரை உடைத்து வைத்த திருட்டுக் குழாய் எத்தனை என்று எழுதுவதுதான் வேலை. பாளையங்கால் பழவூரிலிருந்து புறப்பட்டு மேலப்பாளையம், பாளையங்கோட்டை நகரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது என்ன நிறத்தில் வருகிறது என்றும் எழுதுங்கள். நகரத்துக்கு அந்தப் பக்கம் அதையே நம்பி நாற்றங்கால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தவர்கள் கையில் இதுவரை ஆதாரம் என்று எதுவும் இல்லை. ‘வரவில்லை’ என்கிறார் விவசாயி, ‘திறந்துவிட்டோம்’ என்கிறது அலுவலகம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நடுவில் காலின் அடி எங்கோ ஒரு முழம் மேடு தட்டியிருக்கும். அந்த மேட்டைக் காட்டும் படம் வந்தால் வாதம் முடிந்துவிடும்.

வயல்களை வரைவதில் ஒரு சின்ன விஷயம். கணக்கில் நஞ்சை என்று இருப்பது பிளாட்டாக இருக்கலாம், புஞ்சை என்று இருப்பதில் கிணறு வைத்து நெல் விளையலாம். அடங்கலைப் பார்த்து வண்ணம் தீட்டாதீர்கள். கார் பருவத்தில் ஒரு தடவை, பிசானத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நெல்லுக்கு இணையாக வாழை. ஆத்தூர்ப் பக்கம் கொடிக்கால், அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், வெற்றிலைக்கு ஈரம் இருக்க வேண்டும் ஆனால் நிற்கக் கூடாது, வாழைக்கு வருஷம் முழுக்க வேண்டும். மூன்றும் ஒரே காலில் தொங்குகின்றன. பெரியவர்கள் சிலர் இன்னமும் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றுதான் சொல்வார்கள். சிரிக்காமல் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாரோடு நடப்பது என்பதுதான் பாக்கி. லஸ்கரைப் பிடியுங்கள், ஷட்டர் சாவி அவரிடம் இருக்கிறது. அதைவிட முக்கியம் ஊரில் நீர்பாய்ச்சும் ஆள். எந்த வயலுக்கு முதலில் ஏறும், எந்த வயல் கடைசி, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் நடக்கிற வரப்பிலேயே பின்னால் நடங்கள். அவர் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; அப்புறம் லெவல் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில் உங்கள் அளவை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு அவரிடம் பேசுங்கள். படம் முடிந்ததும் ஒரு பிரதியை ஊர்ச் சாவடியில் ஒட்டி, பத்து நாள் விட்டுவையுங்கள். ஆளாளுக்குப் பேனாவால் திருத்துவார்கள், சண்டையும் வரும். அந்தத் திருத்தங்களோடு போகிற படம்தான் கலெக்டர் மேசையில் நிற்கும்.

ஆறு முழுவதும் ஒரே கோடையில் ஆகாது. ஆசைப்பட்டு எட்டு அணைக்கட்டையும் எடுத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் போவதைவிட, ஒரு குழு ஒரு காலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் இரண்டையும் சொல்வேன். வெள்ளத்தில் அதிகம் அடிபட்டதும் அங்கேதான், டோபோ ஷீட்டில் எதுவுமே தெரியாததும் அங்கேதான். எடுத்த மட்டங்களை உங்கள் கல்லூரி நூலகத்தில் வைத்துப் பூட்டாமல் நீர்வளத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் ஊராட்சிக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். எந்தத் தேதியில் எடுத்தது என்பதை ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள். மணல் நகரும் ஆற்றில் தேதி இல்லாத மட்டத்துக்கு மதிப்பில்லை.

பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ஆம் தேதி கார் சாகுபடிக்குத் திறப்பது வழக்கம். கீழ்க்கால்களில் முன்கார் போடும் ஆண்டுகளில் ஏப்ரலிலேயே தண்ணீர் வந்துவிடும். கால் காய்ந்து கிடக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் மடைகளின் அடிமட்டத்தை எடுத்து முடித்துவிடுங்கள். தண்ணீர் வந்தபின் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் இதே வரப்புகளில் ஸ்டாஃப் பிடித்த ஒருவன்